போகாத பாசி

"போன வாரந்தான் மொத்தத்தையும் உருவி எடுத்துட்டுப் போனீங்க. இப்பப் பாருங்க, பாறையே தெரியாம மூடிட்டு."

நாறும்பூநாதன் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினார். விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்து வீட்டின் முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கடலையே வைத்திருந்தார். உப்புத் தண்ணீர், பாறைகள், பவளங்கள், நடுவே இரண்டு கோமாளி மீன்கள். அத்தனைக்கும் மேலே பச்சை முடி போலப் பாசி படர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த ஊதாப் பவளம் ரெண்டு நாளா விரியவே இல்ல. இப்படியே விட்டா செத்துரும். அதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

"பாத்துருவோம் சார்" என்று விஜயசங்கர் தோள்பையை இறக்கினான். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். சாரல் பருவம் ஆரம்பித்துவிட்டதால் குற்றாலம் போகும் வண்டிகள் தென்காசியிலேயே தேங்கி நின்றன. வர ஒரு மணி நேரம் தாமதம். தொட்டி வேலை அவனுக்குப் புதிது, இரண்டு மாதமாகத்தான் செய்கிறான். ஆனால் இந்தப் பாசி எதைத் தின்று வளர்கிறது என்ற கேள்வி வாரம் முழுக்க அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"இங்கன தென்காசிதான் சார். வேலைக்காகத் திருநெல்வேலியில இருக்கேன்."

முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாசியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினான். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அழுக்கை உறிஞ்சும் குழாயின் மறுமுனையை வாளிக்குள் பிடித்துக்கொண்டார். வேலையில் பங்கு கிடைத்ததில் அவர் முகம் தெளிந்திருந்தது.

"பாசிக்கு என்ன வேணும்? வெளிச்சம், சத்து. ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் அது வாடணும்லா?"

"வெளிச்சம் எட்டு மணி நேரந்தான் சார். தானா அணையுத மாதிரி வச்சிருக்கேன். ஊத்துத தண்ணியையும் சோதிச்சுட்டேன், அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப தீனிதான்."

"தீனியையும் நாளைக்கு ஒண்ணுன்னு ஏழு பொட்டலமாக் கட்டித்தான குடுத்துட்டுப் போனேன்?"

"ஏழும் தீர்ந்துட்டு. நான் ஒண்ணு கூடப் போடல, குறைச்சும் போடல" என்று காலிக் காகிதங்களை எடுத்துக் காட்டினார். ஏழும் இருந்தன.

விஜயசங்கர் தொட்டித் தண்ணீரைச் சிறு குப்பியில் எடுத்து மருந்துச் சொட்டுகளை விட்டான். இருவரும் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மெல்ல நீலமாகி, பிறகு கருநீலமாயிற்று.

"பாஸ்பேட் சத்து போன வாரத்தை விட அதிகம் சார்."

"தினம் ஒரு பொட்டலத் தீனிக்கு இவ்வளவு ஏறாது" என்றார் பேராசிரியர். பாடம் எடுக்கும் காலத்துக் கூர்மை அவர் கண்ணில் வந்திருந்தது. "நமக்குத் தெரியாம வேற என்னமோ உள்ள போகுது. அதைக் கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சுருவோம்."

"ஆமா, தம்பிக்கு எந்த ஊரு?"

விஜயசங்கர் குப்பியைக் கீழே வைத்தான். "தென்காசிதான் சார்."

பேராசிரியரின் மனைவி இராமலட்சுமி காபியோடு வந்தாள். "தம்பி, ஆறுததுக்குள்ள குடிச்சுருங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் பார்க்காமலே உள்ளே போனாள்.

தொட்டிக்கு அடியில் இருந்த வடிகட்டித் துணிப்பையை அவன் கழற்றி உதறினான். அடியில் மீன் தின்னாமல் விட்ட தீனி ஒரு கை அளவுக்கு ஊறிக் கிடந்தது. ஏழு பொட்டலத்தில் இவ்வளவு மிச்சமாக வழியே இல்லை. இரண்டு முறை கேட்ட ஒரே கேள்வி அவன் நினைவுக்கு வந்தது. பேராசிரியரிடம் ஒன்றும் சொல்லாமல், பையைக் கழுவ அடுக்களைக்குப் போனான்.

குழாயைத் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அம்மா, அவுக தீனி போட்டதை மறந்துட்டு ரெண்டு மூணு தடவ போட்டுருதாவ போல. வீட்டுல வேற தீனி டப்பா எதுவும் இருக்கா?"

இராமலட்சுமி முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, சீனி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தீனி டப்பாவை எடுத்து மேடை மேல் வைத்தாள். பாதி காலியாகியிருந்தது.

"அவுக மேல தப்பு இல்ல. நான்தான் போடுதேன். சாயங்காலம் அவுக கண்ணு அசருத நேரம் பாத்து, ரெண்டு கரண்டி."

விஜயசங்கருக்கு ஒன்றும் புரியவில்லை. "பவளமெல்லாம் செத்துரும்மா. உசுரா வளத்த தொட்டி. எதுக்கு இப்படி?"

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, சீக்கிரம் வாங்க. ஊதாப் பவளம் லேசா விரியுது."

"அந்தக் குரலைக் கேட்டியா?" என்றாள் இராமலட்சுமி. முந்தானையால் அவனுடைய ஈரக் கையைத் துடைத்துவிட்டாள். "தொட்டி சுத்தமா இருந்தப்போ நீ வந்து வாசல்ல நின்ன, யாரோ எவனோன்னு கதவைச் சாத்துனாவ. பாசி மண்டுனாத்தாம்லே உங்க அப்பா, 'அந்தத் தம்பியக் கூப்பிடு'ன்னு உன்னையத் தேடுதாவ."