சுண்டைக்காய் மோட்டார் ரெண்டு

"பெரிய மோட்டார் ஒண்ணு வாங்கிட்டு வான்னா, சுண்டைக்காய் மாதிரி ரெண்டை வாங்கிட்டு வந்திருக்கியே! உன்கிட்ட சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

லேத் பட்டறை ஃபிட்டர் வீட்டில் குதித்துக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் ரோபோ செய்வது அவருக்குப் பைத்தியம். மூன்று வாரத்தில் போட்டி. எதிராளியின் ரோபோவை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும்.

"பெரிசு தீர்ந்துடுச்சுங்க. வர ஒரு மாசம் ஆகுமாம். இது ரெண்டையும் ஒரே கியர்பாக்ஸ்ல சேர்த்துட்டா அதே இழுவை கிடைக்குமாம்" என்றாள் மனைவி.

"அதுக்கு வயரிங் தெரிஞ்ச ஆள் வேணும். எனக்குப் பல்சக்கரம்தான் தெரியும்."

"தம்பியைக் கூப்பிடட்டுமா?"

ஃபிட்டரின் முகம் சுண்டிவிட்டது. எலக்ட்ரீசியன் மச்சினன் இந்த வாசற்படியை மிதித்து இரண்டு வருடம் ஆகிறது. வாஷிங் மெஷினைச் சரிசெய்கிறேன் என்று புகையவிட்டான். "இவனெல்லாம் பல்புகூட மாட்டக் கூடாது" என்று இவர் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். அன்று போனவன்தான். அக்காவும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"கூப்பிட்டுத் தொலை."

ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அக்கா, அவரை ஸ்க்ரூடிரைவர் எடுக்கச் சொல்லு."

"அவன் முழங்காலுக்கு அடியிலதான் இருக்குன்னு சொல்லு."

ஒரு பெரிய பல்சக்கரம். அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு மோட்டார். ஸ்விட்சைப் போட்டதும் கியர்பாக்ஸ் 'கர்ர்'ரென்று உறுமியது. ரோபோ மட்டும் இம்மியும் நகரவில்லை.

"வயரிங் கோளாறு!"

"கியர் கோளாறு!"

கோபத்தில் அக்காவை நடுவில் வைத்துப் பேச இருவருமே மறந்துவிட்டார்கள்.

மச்சினன் குனிந்து பார்த்தான். "மாமா, எதிரும் புதிருமா மாட்டியிருக்கீங்க. நான் ரெண்டுக்கும் ஒரே மாதிரி வயர் கொடுத்துட்டேன். ஒண்ணு முன்னால தள்ளுது, ஒண்ணு பின்னால இழுக்குது."

"அப்ப தப்பு உன்னுதும்தான்!"

"உங்களுதும்தான்!"

ஒரு மோட்டாரின் வயரை மாற்றிக் கொடுத்தான். ரோபோ பாய்ந்துபோய் இரும்புக் கருவிப்பெட்டியைச் சுவர் வரைக்கும் தள்ளியது. இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாமா, அந்த வாஷிங் மெஷின் இன்னும் இருக்கா?"

"இருக்கு. கிட்ட மட்டும் போயிடாதே!"

கியர் கொஞ்சம் கீச்சிட்டது. எண்ணெய் எடுக்க ஃபிட்டர் தையல் மெஷின் டிராயரைத் திறந்தார்.

துணித் துண்டுகளுக்கு அடியில் பெரிய மோட்டார். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கப்படவில்லை. கூடவே, சுண்டைக்காய் மோட்டார் ரெண்டும் வாங்கிய அதே தேதி போட்ட பில்.

சுர்ரென்று கோபம் ஏறியது. "ஏய்" என்று கூப்பிட வாயெடுத்தார்.

கூடத்தில் தம்பி ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

துணித் துண்டுகளை மறுபடி மூடி வைத்தார். எண்ணெயோடு கூடத்துக்கு வந்தார்.

"மச்சான், ரெண்டு மோட்டார் பத்தாது போலிருக்கே. மூணாவதும் ஒண்ணு சேர்த்துப் பார்ப்போமா? அடுத்த ஞாயிறும் வந்துடு."