ஆறாவது ரொட்டி

"அக்கா, அதை அழிச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாவு படிந்த கையோடு வாசலில் நின்றான் இத்ரீஸ். துரியா கதவை முழுதாகக்கூடத் திறக்கவில்லை.

"எதை அழிக்கணும்?"

"எங்கப்பாவைப் பத்தி எழுதினதை."

ஃபெஸ் நகரத்து அந்தத் தெருக்காரர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. தினம் ஒரு தலைப்பு, தினம் ஒரு நினைவு, முப்பது நாள் விடாமல் எழுத வேண்டும் என்று சவால். பதினோராம் நாள் தலைப்பு: 'மறக்க முடியாத ஓர் அநியாயம்.'

அந்தத் தலைப்புக்காகவே ஐம்பது வருஷம் காத்திருந்தவள் மாதிரி துரியா உட்கார்ந்துவிட்டாள். புதினா டீ ஆறியதுகூடத் தெரியவில்லை. எழுதித் தீர்த்தாள்.

'எனக்கு ஒன்பது வயது. அம்மா தட்டிய ரொட்டிகளைப் பலகையில் அடுக்கி, சுட்டு வாங்கத் தெருவுக்கே பொதுவான அடுப்புக்கு நான்தான் சுமந்து போவேன். எது யார் வீட்டு ரொட்டி என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. எங்களுடையது வாசல் சாவி. அம்மா ஐந்து ரொட்டியில் சாவியை அழுத்துவாள். ஆறாவதில், என்ன அவசரமோ, ரெண்டு விரலை அழுத்திவிட்டு எழுந்துவிடுவாள். ஆறு அனுப்பினால் ஐந்துதான் திரும்பி வரும். சாவிக் குறி இல்லாததை அடுப்புக்கார ஜிலாலி அமுக்கிக்கொள்வார். முழுசாக ரெண்டு வருஷம்! அம்மாவிடம் சொன்னால், "போனால் போகட்டும், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்பாள். வாயில்லாப் பூச்சி. பிள்ளைகள் வாயில் அடித்துத் தின்றவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.'

ஒரே நாளில் அறுநூறு பேருக்குப் பிடித்துப்போனது.

"இன்னிக்குக் காலையில மூணு வீட்டுக்காரங்க என் கண்ணெதிரேயே ரொட்டியை எண்ணிட்டுப் போனாங்க" என்றான் இத்ரீஸ். "ரெண்டு வீட்டுல பலகையே அனுப்பலை. 'அப்பன் புத்தி பிள்ளைக்கு இருக்காதா'ன்னு காதுபடவே பேசறாங்க. இப்படியே போனா அடுப்பை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"நடந்ததைத்தான் எழுதினேன். செத்துட்டா திருடன் உத்தமனாயிடுவானா?"

"அப்பா திருடலைக்கா."

"பின்னே, ரொட்டி கால் முளைச்சு நடந்து போச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அப்போ பொறக்கவே இல்லை. ஆனா ஒண்ணு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரொட்டி மேல இருக்கிற குறிதான் அவருக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து. அதை அவர் ஒருநாளும் தப்பா வாசிச்சதில்லை."

"இந்த வசனமெல்லாம் என்கிட்ட வேணாம். எங்கம்மா ஏமாளி. நான் அப்படி இல்லை. அழிக்க மாட்டேன், போ!"

அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. பார்த்ததும் துரியாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதோ, சாட்சியே வந்தாச்சு! பதூல் எழுதியிருக்கா. எங்க பக்கத்து வீட்டுல இருந்தவ, இப்போ பிரான்ஸ்ல இருக்கா. துணி போட்டு மூடின பலகையோட என்கூடவே வருவா. உங்கப்பா லட்சணத்தை அவ வாயாலேயே கேளு."

தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள்.

"'துரியா, எங்கப்பா இறந்தப்புறம் ரெண்டு வருஷம் நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியாது. வெளியில சொல்லவும் வெக்கம். அம்மா நாலு ரொட்டிதான் தட்டுவா. அடுப்புலேர்ந்து அஞ்சு வரும். ஜிலாலி மாமாகிட்ட கேட்டா, "குறியைப் பாரும்மா, உங்க வீட்டோடதுதான்"னு சொல்லிடுவார். பார்த்தா, அஞ்சுலயும் எங்க வீட்டுக் குறிதான் இருக்கும்...'"

துரியாவின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? அவங்க வீட்டுக் குறி என்னவாம்?" என்றான் இத்ரீஸ்.

துரியா கதவை முழுதாகத் திறந்தாள்.

"ரெண்டு விரல்."