இருநூற்று நாற்பது ஜிபி

“வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி டிஸ்க் வேணும். இருநூத்தி நாப்பது ஜிபி போதும்,” என்றான் ரோடெல்.

கில்மோர் தெருக் கம்ப்யூட்டர் கடைக்காரர் அவனது பழைய டிஸ்கைச் சோதித்தார். “இதுல வீடியோவே எண்ணூறு ஜிபி இருக்கு பாஸ். ஒரு டெராபைட் போடுங்க. இல்லேன்னா வீட்ல அடி விழும்.”

“எல்லாம் எம் பொண்ணு ஜொவெலின் எடுத்தது,” என்றார் கூட வந்திருந்த மாமியார் நெனிட்டா. “சமைக்கிறதும் பாடுறதுமா அஞ்சு வருஷ வீடியோ. அதுக்கு இடமில்லையாம், இவன் ஆபீஸ் வேலைக்கு மட்டும் இடமிருக்காம். அன்னிக்கே சொன்னேன், இந்தக் கஞ்சன் வேண்டாம்டின்னு.”

“சின்னதுதான் வேணும் அத்தை.”

“ஏன், அவ உனக்கு அவ்வளவு பாரமாயிட்டாளா?”

ரோடெல் பழைய டிஸ்கை எடுத்து மாமியார் கையில் வைத்தான்.

“இது உங்க வீட்ல இருக்கட்டும். செத்தவங்க ஆன்மா நாப்பதாம் நாள் கிளம்பிடும்னு நீங்கதான சொன்னீங்க? நாளைக்கு ஜொவெலினுக்கு நாப்பது. நான் வேலைக்கும் போகாம தினமும் அவ வீடியோவ ஓடவிட்டுப் பாத்துட்டே உக்காந்திருக்கேன். அவ எப்படிப் போவா?”

நெனிட்டா டிஸ்கைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, அதே கோபத்தோடு கேட்டார்.

“இதைவிடச் சின்னது இருக்கா?”