பச்சை மூட்டை

"ஒரு பருக்கைகூட மிச்சமில்லை மேடம்! ஆறு மாசத்துக்கும் பாருங்க" என்று குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார் விஞ்ஞானி. 'பச்சை மூட்டைச் சோறு, தட்டில் மிஞ்சியது' என்ற கட்டத்தில் நாள் தவறாமல் பூஜ்யம் போட்டிருந்தது.

நெல் ரகத் தேர்வுக் குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். சோதனை நடந்த இந்த மாணவர் விடுதியில் இரண்டு சாப்பாட்டு அறைகள். வெள்ளை அறைக்கு வழக்கமான அரிசி. பச்சை அறைக்கு, பயிரிலேயே இரும்பும் துத்தநாகமும் கூடும்படி விஞ்ஞானி பதினோரு வருடம் பாடுபட்டு உருவாக்கிய நெல்லின் அரிசி. அது பச்சை மூட்டையில் வரும்.

பச்சை அறைப் பிள்ளைகளின் ரத்தத்தில் சத்து கிடுகிடுவென ஏறியிருந்தது. வெள்ளை அறையில் இம்மியும் நகரவில்லை. தலைவி ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த பருவம் நாடு முழுக்க இந்த நெல்தான். அதற்குத் தன் பெயரையே வைப்பது என்று விஞ்ஞானி எப்போதோ முடிவு செய்திருந்தார். அடக்கமாக, முதலெழுத்துகளை மட்டும்.

பேனாவைத் திறந்த தலைவி, "சமைச்சவங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்றார்.

விஞ்ஞானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு என்ன மேடம் தெரியும்? கரண்டி பிடிக்கத் தெரியும். துத்தநாகம்னா ஏதோ பாம்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

தலைவி அதற்குள் எழுந்துவிட்டார். விஞ்ஞானியும் வேண்டாவெறுப்பாகப் பின்னால் நடந்தார். ஆறு மாதத்தில் அவர் இந்த விடுதியை எட்டிப் பார்த்ததே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் தன் சாப்பாட்டைக் காரிலேயே கொண்டுவந்திருந்தார்.

சமையலறை வாசலில் கொழுகொழுவென்று பத்திருபது கோழிகள் வழியை மறித்தன. "சீ, போ! இது விடுதியா, பண்ணையா?" என்று காலால் விரட்டினார். பளபளவென்று துடைத்துவந்த செருப்பில் அழுக்குப் பட்டதில் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையற்காரம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"ஏம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கதை அளக்காதே. நான் போட்ட சட்டத்தை மீறலைதானே?"

"இல்லைங்க சார். பச்சை மூட்டை பச்சை அறைக்கு மட்டும்தான், அதுல கடுகளவுகூட வெள்ளை அறைக்குப் போகக்கூடாதுன்னு சொன்னீங்க. போகலை."

"பார்த்தீங்களா மேடம்? பத்துத் தடவை மண்டையில அடிச்சாப்பல சொன்னா இதுங்களுக்கும் ஏறும்."

தலைவி அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை துளியும் இல்லை. "நீங்க சொல்லுங்கம்மா. பிள்ளைங்க இந்தச் சோத்தை ஆசையா சாப்பிட்டாங்களா?"

"முதல் நாளே துப்பிட்டாங்கம்மா, ஒரே வாடை. அன்னையிலேர்ந்து ரெண்டு அறைக்கும் வழக்கமான அரிசியைத்தான் வடிக்கிறேன். சார்கிட்ட சொல்லப் போனேன். கரண்டி பிடிக்கறவளுக்கு ஆராய்ச்சியில என்ன வேலைன்னு விரட்டிட்டாரு."

விஞ்ஞானியின் முகம் வெளிறிப்போனது. "பொய் மேடம்! ஏய், அப்புறம் எப்படித் தட்டுல பூஜ்யம்னு எழுதினே?"

"தட்டுல போட்டாத்தானே சார் மிஞ்சும்?"

"மூட்டையெல்லாம் காலியாயிருக்கே! பச்சை அறைக்கு மட்டும் சத்து ஏறியிருக்கே! சட்டத்தை மீறி என்னமோ பண்ணித் தொலைச்சிருக்கே நீ!"

அதுவரை குனிந்த தலை நிமிராமல் நின்ற சமையற்காரம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சட்டத்தை மீற நான் யாரு சார்? உங்க அரிசியைத் தின்ன கோழி போட்ட முட்டையில ஒண்ணைக்கூட வெள்ளை அறைப் பிள்ளைங்களுக்கு நான் கொடுக்கலை!"