பூத்து முடிந்ததும் காலி

"ஏம்மா, இன்னிக்காவது மொட்டு விட்டுச்சா?"

மாடி வீட்டு மேஸ்திரி படியில் நின்று கேட்டார். வழக்கம்போல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். கட்டட வேலையில் ஆட்களை மேய்த்த காலத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று கீழ் வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

"இல்லீங்கய்யா. இலைதான் வருது."

"எதிர் வீட்டுல பூத்துக் கொட்டுது. உன் செடிக்கு மட்டும் என்ன கேடு? என் மகன் அவன் வீட்டுல எனக்குன்னு ரூம் பெயிண்ட் அடிச்சு வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கான். லிஃப்ட் வெச்ச வீடு. இந்தப் படியில ஏறி இறங்கி முட்டி தேஞ்சதுதான் நான் கண்ட சொகம்."

இந்த வீட்டை மேஸ்திரியே தன் கையால் கட்டினார். மகன் அதை விற்றுவிட்டு அவரைத் தன்னோடு கூட்டிப்போகப்போகிறான். கீழ் வீடு காலியானால்தான் வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவாராம். அவளோ வீடு தேடித் தேடி அலுத்துவிட்டாள். சலவைக்கூடத்தில் வேலை, லாரி ஓட்டும் புருஷன், மூன்று பிள்ளைகள் என்றதுமே கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் சாமந்தியைச் சொல்லி அவகாசம் கேட்டாள். வருஷா வருஷம் அதே வேரிலிருந்து துளிர்த்து, கோடை தணியும்போது பூக்கும் செடி அது. பூத்து ஓய்ந்தபின் தண்டை வெட்டி, வேரோடு பெயர்த்தால்தான் வேறு மண்ணில் பிழைக்கும். அதுவரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். மகன் சம்மதித்தான். பூத்து முடிந்தபின் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்று உறுமியவர் மேஸ்திரிதான்.

கோடைத் தொடக்கத்தில் அவள் நுனிகளைக் கிள்ளியபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. நல்ல செடியை ஏன் பாழாக்குகிறாய் என்று மேலேயிருந்து சத்தம் போட்டார். இப்போது ஒரு தடவை கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும், பிறகு கை வைத்தால் பூப்பது தள்ளிப்போகும் என்று விளக்கினாள். விரலில் ஏறிய கறை சோப்புக்கும் மசியவில்லை. சலவைக்கூடத்தில் கூட இருந்தவள், கரி அள்ளப் போனாயா என்று கேலி செய்தாள்.

விடுமுறை நாளன்று மேஸ்திரியின் மகன் வந்தான். நேராகப் பாத்திக்குப் போய்க் குந்தினான். ஒவ்வொரு தண்டாகப் பிடித்துப் பார்த்தான். மேஸ்திரியும் இறங்கி வந்து படியடியில் நின்றார்.

"இது பூச்சி அரிச்சதில்லப்பா. நகத்தால கிள்ளியிருக்கு. ஒரு நுனி பாக்கி இல்ல."

அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. யாரோ கிள்ளுகிறார்கள் என்பது தெரியும். இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவளுக்கு யார் என்பதுதான் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் அவசரப்படவும் இல்லை.

"பூத்தா கிளம்பணும். அதான் கிள்ளிட்டே இருக்கீங்க. இல்லையா?" என்றான் மகன்.

"நான் இல்ல தம்பி."

"பின்னே யாரு, காத்தா வந்து கிள்ளுச்சு? உங்களுக்குப் போய்ப் பாவம் பார்த்தேனே. நாளைக்கே சாமான் சட்டியைக் கட்டுங்க."

அவள் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். துணி வெளுக்கும் மருந்தில் ஊறி விரல்கள் வெள்ளையாகத் தடித்திருந்தன.

"சாமந்தியைக் கிள்ளினா நகக்கண்ணுல கறை ஏறும். என்ன தேய்ச்சாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. என் கையில இருக்கா, பாருங்க."

அவன் பார்த்தான். சந்தேகம் தீராமல் ஒரு தளிரைத் தானே கிள்ளி, சாற்றைத் தேய்த்துப் பார்த்தான். விரல் கறுத்தது. அவன் குரல் இறங்கியது.

"அப்போ யாருதான்க்கா இதைச் செய்யுறது?"

"அதைத்தானே நானும் தினம் கேக்கறேன்" என்று முனகிவிட்டு மேஸ்திரி திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டியபடியே ஒவ்வொரு படியாக ஏறினார்.

மகன் இன்னும் செடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மட்டும்தான் படியைப் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருகருவென்று கறையேறிக் கிடந்தன.

"நத்தையா இருக்கும் தம்பி" என்றாள், மேலே ஏறுகிறவருக்கும் கேட்கும்படி. "மருந்து வெக்கிறேன். எப்படியும் பூக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."