அசல் ஆற்று ட்ரவுட்

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கேஸாவது பிடிக்காவிட்டால் ஷெர்அலியின் பாடு திண்டாட்டம்தான். மீன்வளத்துறை இன்ஸ்பெக்டராக வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு திருட்டு மீன்கூட அவன் கையில் சிக்கவில்லை.

"ஜீப்புல ஏறி ஊர் சுத்தறதுக்கா உனக்குச் சம்பளம்? நாரின் மலை உச்சியில ஒரு சாவடி காலியா இருக்கு. போறியா?" என்று மேலதிகாரி கேட்டுவிட்டார்.

அந்தச் சாவடியில் பனியையும் யாக் மாடுகளையும் விட்டால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அவன் மனைவி ஜிபெக், "போறதுன்னா நீங்க மட்டும் போங்க. நான் எங்கம்மா வீட்டுல இருந்துக்கறேன்" என்று முன்கூட்டியே கைகழுவிவிட்டாள்.

கோக்-சு ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கத் தடை. ஆனாலும் ஏரிச் சாலையில் கிடைக்காமலா போகிறது? ஓரமாகக் கருவாடு கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெண்களிடம், "வேற ஏதாவது இருக்கா?" என்று மெல்லக் கேட்க வேண்டும். ஆனால் துறையின் ஜீப்பில் போய் இறங்கிக் கேட்டால் எவள் காட்டுவாள்?

அதனால் வியாழக்கிழமை காலையில் மைத்துனனின் காரை இரவல் வாங்கினான். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஏரியில் குளிக்க வந்த தலைநகரத்துப் பணக்காரன் மாதிரியே இருந்தான்.

சாலை வளைவில் கருவாடு விற்கும் புருல் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் கருவாட்டுக் கொடி, குழந்தையைத் தள்ளும் ஒரு வண்டி. பெரிய கார் ஒன்றிலிருந்து இறங்கிய, தலைநகர் பிஷ்கெக்கின் தொப்பைக்காரர் ஒருவர் அவளிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்து மீன்தானே அக்கா? குளத்துல தீவனம் போட்டு வளர்த்த சமாச்சாரம்னா எனக்கு வேணாம். அந்த நாத்தம் மோந்தவுடனே எனக்குத் தெரிஞ்சிடும்."

"சத்தம் போடாதீங்க தம்பி! என்னைக் கம்பி எண்ண வைக்கப் பாக்கறீங்களா?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்த மெத்தையை லேசாகத் தூக்கினாள். புகையில் வாட்டிய ட்ரவுட் மீன்கள் பொன்னிறத்தில் பளபளத்தன. தொப்பைக்காரர் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"ஆஹா! மலைத்தண்ணி வாசனை!"

பேரம் பேசாமல் ஐந்து மீன் வாங்கினார். அதற்குள் இன்னும் மூன்று கார்கள் வந்து நின்றன. ஷெர்அலி மெதுவாக முன்னால் நகர்ந்தான்.

"குழந்தைக்கு எத்தனை மாசம் அக்கா?"

"தூங்குது தம்பி, எழுப்பிடாதீங்க. கருவாடு பாக்கறீங்களா?"

"எனக்கும் இந்தக் குழந்தையிலயே ரெண்டு குடுங்க."

புருல் சிரித்துவிட்டாள். மெத்தை விலகியதுதான் தாமதம், ஷெர்அலி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அடையாள அட்டையை நீட்டினான். மறு கை வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, குடி முழுகிப் போச்சே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காரில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிவந்து சூழ்ந்துகொண்டார்கள். "பாவம் சார், பொம்பளை சார், விட்டுடுங்க" என்று ஆளாளுக்குச் சிபாரிசு.

ஷெர்அலிக்கு அப்போதுதான் ஆசை வந்தது. விற்றவளைப் பிடித்தால் ஒரு கேஸ். ஆற்றில் வலை போட்டவனையே பிடித்தால்? நாரின் என்ன நாரின், பதவி உயர்வே கிடைக்கும்!

"அழாதீங்க அக்கா. இந்த மீன் எங்கேர்ந்து வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க. அபராதமும் இல்ல, கேஸும் இல்ல. இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

அழுகை டக்கென்று நின்றது.

"அதை மட்டும் கேக்காதீங்க தம்பி."

"உங்க வீட்டுக்காரர் வேலையா?"

புருல் மெத்தையை இழுத்து மீன்களை மூடினாள்.

"ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்."

"போறேன். என்ன வேணா எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். என் வாயிலேருந்து மட்டும் ஒரு வார்த்தை வராது."

கூட்டத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொம்பளைன்னா இவதான்!" என்றார் தொப்பைக்காரர். ஷெர்அலிக்கே மனசு இளகிவிட்டது. புருஷனுக்காக ஜெயிலுக்குப் போகிறேன் என்கிறாள் இவள். ஜிபெக் நாரினுக்குக்கூட வரமாட்டாள். இவள் புருஷன் எங்கேயோ கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டே, சிறைக்கு அனுப்பாமல் ஐயாயிரம் சோம் அபராதத்தோடு விட்டான். அவள் அதை அங்கேயே கட்டினாள். மிச்சமிருந்த மீன்கள் பறிமுதல்.

அன்று மதியமே மேலதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாரின் பேச்சு அதோடு அடங்கியது. பறிமுதல் மீனில் ஒன்று 'பரிசோதனைக்காக' மேலதிகாரியின் சாப்பாட்டு மேசைக்குப் போனது. "ஆத்து மீனுக்கு ஈடு உண்டாய்யா!" என்று முள்ளைக்கூட விடாமல் சப்பினார்.

புருல் வீடு திரும்பியபோது, அவள் கணவன் தொகோன் வாசலிலேயே நின்றிருந்தான். நடந்தது முழுக்க அவன் காதுக்கு வந்திருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் கேட்டதைச் சொல்லித் தொலைச்சிருந்தா, ஐயாயிரம் சோம் மிச்சமாயிருக்குமே!" என்று கத்தினான்.

"நல்லா சொன்னீங்க போங்க! லைசென்ஸ் வாங்கி நம்ம குளத்துல தீவனம் போட்டு வளர்த்த மீனுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா, நாளைக்கு எவன் நம்மகிட்ட காரை நிறுத்துவான்?" என்றாள் புருல்.