கமாவுக்குப் பின்னால்

"கழுத்து பிடிச்சுக்கிச்சு சார். தலையை நிமிர்த்த முடியல. குனிஞ்சேதான் பேசுவேன், மரியாதைன்னு நினைச்சுக்காதீங்க."

புதிதாக வந்திருந்த மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்புக் கிடங்கில் அந்தக் கிரேன்காரனுக்குக் கழுகு என்று பேர். காலையில் கேபினுக்குள் ஏறினால் பொழுது சாயும்வரை கீழேயே பார்த்துக் கிடக்கிற கழுத்து. நேற்றிலிருந்து அது மரக்கட்டையாகிவிட்டது.

விசாரணையும் நேற்றைய விவகாரத்துக்குத்தான். கழுகு இறக்கிய கம்பிக் கட்டு, சுமைக்காரர் ஒருவரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவர் எட்டிக் குதித்திராவிட்டால் கால் கூழாகியிருக்கும்.

"ஆள் நிக்கிறப்போ எதுக்குய்யா இறக்கினே?"

"இறக்குன்னு ஸ்கிரீன்ல வந்துச்சு, இறக்கினேன். கேபினுக்கு நேர் கீழே எனக்கு எதுவும் தெரியாது சார். அந்த ஸ்கிரீன்தான் கண்ணு."

எதிரே உட்கார்ந்திருந்த கண்ட்ரோல் ரூம்காரி வெடுக்கென்று திரும்பினாள். கிடங்கு இரைச்சலில் பேச்சு எடுபடாது; கீழே இருந்தபடி உத்தரவுகளை டைப் அடித்துக் கேபினுக்கு அனுப்புவது அவள் வேலை; கேபினிலிருந்தும் திருப்பி அடிக்கலாம்.

"'இறக்கு, ஆள் விலகினதும்'னு முழுசாத்தான் அடிச்சேன் சார். இந்த ஆளு என்னிக்கு எதை முழுசாப் படிச்சிருக்கு?"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். வந்தது ஒரே சொல்லு!"

"நான் எதுக்குய்யா பொய் சொல்லணும்? என் கண்ணு எதிர்ல விழுந்துச்சு அந்தக் கட்டு. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல எனக்கு."

மேலாளர் மேசையில் அறைந்தார். "போதும். ரெண்டுல ஒண்ணு பொய். யாரோ ஒருத்தர் இன்னிக்கே வேலையை விட்டுப் போகணும்."

கழுகு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் போனாலும் நட்டம், அவள் போனாலும் அவனுக்கு நட்டம்தான்.

மூலையில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புரோகிராமர், கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்றாங்க சார். பொய் சொன்னது நம்ம புரோகிராம்."

"என்னய்யா உளர்றே?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அப்போல்லாம் 'தூக்கு, நாலு டன்'னுதான் அடிப்பாங்களாம். முன்பாதி கிரேனுக்கு, பின்பாதி எடைக் கணக்குக்கு. அதனால எந்த வரியா இருந்தாலும் முதல் கமாவைத் தேடு, அதோட வெட்டு, முன்னால இருக்கிறதை மட்டும் கேபினுக்கு அனுப்புன்னு எழுதி வச்சிருக்கார். கமாவுக்குப் பின்னால நீங்க என்ன அடிச்சாலும் மேலே போகாது."

"அதானே!" என்றான் கழுகு. "எப்பப் பார்த்தாலும் மொட்டையா ஒரு சொல்லு வரும். கொழுப்புன்னு நினைச்சேன்."

"நீளமா அடிச்சு அடிச்சு எனக்கு விரல் தேஞ்சுது. ஒண்ணுக்கும் பதில் வராது. கல்லுளிமங்கன்னு நினைச்சேன்" என்றாள் அவள்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு கமாவுக்கு ஒரு கால் போயிருக்கும். சரி, யாரும் எங்கேயும் போக வேணாம். புரோகிராமை மாத்துங்க."

கழுகுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புரோகிராமர் ஒரே வரியைத் திருத்தினார்.

"மேலிடத்துக்கு எழுதணும். எப்போலேருந்து இந்தக் கூத்து? முதல்ல தப்பா வெட்டுப்பட்டது எதுன்னு பாருங்க" என்றார் மேலாளர்.

புரோகிராமர் பழையதையெல்லாம் உருட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.

"ஏழு வருஷம் ஆச்சு சார். இது... கேபின்லேருந்து வந்த கேள்விக்குப் பதில். கேள்வி என்னன்னா, 'என்னைக் கட்டிக்கிறியா?'"

மேலாளரின் புருவம் ஏறியது. கழுகு மீசைக்குள் சிரித்தான்.

"நான் கேட்டதுதான் சார். படிங்க, சும்மா படிங்க. 'சரி'ன்னு ஒரே சொல்லு வந்துச்சு. ஆனந்தத்துல அழுதுகிட்டே ஏணியில இறங்கினேன். அடுத்த மாசமே இவளுக்குத் தாலி கட்டிட்டேன்."

"அதெல்லாம் இப்போ எதுக்கு சார்? மெஷினை மூடுங்க" என்று கண்ட்ரோல் ரூம்காரி எழுந்தேவிட்டாள்.

"சரிக்கு அப்புறம் ஒரு கமா இருக்கே..." என்ற புரோகிராமர், வரியை முழுதாகப் படித்தார்: "'சரி, கீழே இறங்கி வா, செருப்பு காத்திருக்கு.'"

கழுகு குனிந்த தலையோடு, வாயைப் பிளந்தபடி கண்ணை மட்டும் உயர்த்தி மனைவியைப் பார்த்தான்.

"என்னய்யா முழிக்கிறே? கழட்டிக் கையிலதான் வச்சிருந்தேன். சின்னப் புள்ளையாட்டம் கண்ணுல தண்ணியோட வந்து நின்னே, கையை ஓங்க எனக்கு மனசு வரல" என்றாள் அவள். "அந்தச் செருப்படி இன்னும் பாக்கிதான்."